எட்டாவது செலவு

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. எழுத ஒப்புக்கொண்டது ஒரு பட்டியலை. ஒரு சேமிப்புச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு மாதாமாதம் இலவசமாக அனுப்பும் பத்திரிகையில் நான் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன். தலையணை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், பழைய செருப்பை வைத்து என்ன செய்யலாம், வாடகை ஒப்பந்தத்தில் எங்கே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாது, இந்த மாதிரி. நான் கதையும் எழுதுவேன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சம்பளத்தில் கை வைத்துவிடுவார்கள்.

பத்திரிகையின் ஆசிரியர் அம்மா போனில் சொன்னார்: "இளைஞர்கள் குறைச்சுக்கக்கூடிய அன்றாடச் செலவுகள். மொத்தம் பத்து. ஒண்ணொண்ணும் மூணே வரி. கதை விடாதீங்க."

இளைஞர்கள் எதில் செலவழிக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரே இளைஞி என் அக்கா மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. வளர்ந்து என் தோளைத் தாண்டிப் போன பிறகும் பொடிசுதான். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணைச் சோதித்து, பவர் சொல்லி, லென்ஸை அளவாகத் தேய்த்து ஃப்ரேமில் மாட்டிக் கொடுக்கிற வேலை. லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவனைக் காதலிக்கிறாள். இவள் இருப்பது பெண்கள் விடுதியில். அவன் இருப்பது நான்கு ஆண்கள் நெருக்கியடிக்கும் ஒரு அறையில். வாடகைக்கு ஒரு வீடு பிடிக்க முன்பணம் சேர்ந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அதற்காக இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆகவே நிபுணர் வீட்டிலேயே இருக்கிறார் என்று பொடிசைக் கூப்பிட்டேன்.

"மாமா, எழுதிக்கோங்க" என்று ஆரம்பித்தாள். கடையில் ஆளில்லாத நேரம் போலிருக்கிறது, குரல் உற்சாகமாக இருந்தது. "ஒண்ணு, வெளிய டீ குடிக்கிறது. ரெண்டு, டாக்சி. மூணு, சினிமா. நாலு, பெரிய போன் பிளான். அஞ்சு, வீட்டுக்கே வர்ற சாப்பாடு. ஆறு, தள்ளுபடின்னு வாங்குற துணி. ஏழு, போகாத ஜிம்முக்குக் கட்டுற பணம்."

"இரு, இரு. எட்டு?"

"எட்டு, ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை எப்படிம்மா செலவாகும்?"

"நாங்க பார்த்துக்கிட்டா செலவுதானே மாமா."

குழாயை இறுக்கி மூட வேண்டும் என்று சொல்கிற மாதிரி அவள் அதைச் சொன்னாள். துக்கமோ புகாரோ அந்தக் குரலில் இல்லை. என் பேனா அங்கேயே நின்றுவிட்டது. பட்டியலில் எட்டு என்ற எண்ணும் அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் இருந்தன. அந்தப் புள்ளியிலிருந்துதான் இந்தக் கதை வருகிறது. ஆசிரியர் அம்மா மன்னிக்க வேண்டும்.

2

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

"அந்தக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தால் நேரே தெரிவது ஒரு கண்ணாடிக் கடை. உள்ளே நீலக் கோட் போட்ட ஒரு பெண், ஒரு லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அதன் வழியாக

வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். அதன் வழியாக அவள் வாழ்க்கையைப் பார்க்கிறாள் என்று எழுதப்போகிறேன் என்பது எனக்கே தெரிந்துபோயிற்று. பொடிசு லென்ஸைத் தூக்கிப் பிடிப்பது அதில் கைரேகை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

இரண்டாவது தொடக்கம்: "ஆசைகளை ஒத்திப்போடத் தெரிந்தவர்களுக்கே வீடு

இது சங்கத்தின் விளம்பரம். இதையும் விட்டேன்.

இரண்டையும் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். (உன்னைப் பற்றி ஒரு கதை எழுதட்டுமா என்று முன்பே கேட்டிருந்தேன். "எழுதுங்க, ஆனா என்னை அழ வைக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டிருந்தாள்.) கேட்டு முடித்ததும் தன் கடைக் குரலில் கேட்டாள்: "முதல்ல இருந்தது தெளிவா இருக்கா, இப்ப இருக்கிறது தெளிவா இருக்கா?"

கண் சோதிக்க உட்கார்கிற ஒவ்வொருவரிடமும் அவள் கேட்கிற கேள்வி அது. மூக்கின் மேல் கனமான ஒரு சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டே போவாள். சொல்லத் தெரியாமல் சிலர் வியர்த்துவிடுவார்களாம்.

"ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு" என்றேன்.

"அப்ப உங்க கண்ணுல கோளாறு இல்ல மாமா. கதையிலதான்."

சரி, இவளுக்கேற்ற மாதிரியே எழுதுவோம் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். சிக்கனத்தைப் பற்றிய கதை சிக்கனமாக இருக்கட்டும். தேவையில்லாத எதுவும் வேண்டாம். உவமை வேண்டாம், வானிலை வேண்டாம், வேடிக்கைக்கு வந்துபோகிற ஆட்கள் வேண்டாம்.

[இந்த இடத்தில் ஒரு மழை இருந்தது. வெட்டிவிட்டேன்.]

[அவள் விடுதியில் ஒரு தோழி இருக்கிறாள், தூக்கத்தில் ஆங்கிலம் பேசுவாள். அவளையும் வெட்டிவிட்டேன். நல்ல பெண்.]

3

அவர்கள் சந்தித்ததை வெட்ட முடியாது. அதுதான் அஸ்திவாரம்.

லிஃப்ட்காரனுக்கு ஊருக்குள் பல கட்டிடங்கள். மாதம் ஒருமுறை போய், கதவுக்கும் கம்பிக்கும் எண்ணெய் காட்டி, காலியான லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வருவான். பொடிசின் கட்டிடமும் அதில் ஒன்று. ஒருநாள் வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்து, கண் சோதிக்க வேண்டும் என்றான். உட்கார வைத்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை தடங்கலே இல்லாமல் வாசித்தான். எல்லாம் முடிந்த பிறகு, பலகையின் அடி ஓரத்தில் கடுகு மாதிரி அச்சாகியிருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தான்.

"உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லைங்க" என்றாள்.

"நல்லாப் பாருங்க. ஏதாவது இருக்கும்."

"இல்லைங்க."

"அப்ப எனக்குக் கண்ணாடி தர மாட்டீங்களா?"

"பவர் இல்லாத கண்ணாடி இருக்கு. சும்மா மாட்டிக்கலாம். ஆனா வீண்செலவு."

"பரவாயில்லைங்க. வீண்செலவு பண்ணி ரொம்ப நாளாச்சு."

வாங்கிக்கொண்டு போனான். கொஞ்ச நாளில் திரும்பி வந்தான். கண்ணாடியின் ஒரு காது தனியாகத் தொங்கியது. ஸ்க்ரூ லூசாகிவிட்டதாம். முடுக்கிக் கொடுத்தாள், அதற்குக் காசு கிடையாது. மறுபடியும் வந்தான், மறுபடியும் அதே ஸ்க்ரூ. அடுத்த முறை வந்தபோது அவள் அந்த ஸ்க்ரூவை எடுத்து உள்ளங்கையில் வைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"கண்ணாடி ஸ்க்ரூ எள்ளு மாதிரி இருக்கும் மாமா. தானா கழண்டா அதோட தலை வழவழன்னு அப்படியே இருக்கும். இதோட தலையில, திருகுற பள்ளத்துக்குக் குறுக்க ஒரு கீறல். யாரோ பெரிய ஸ்க்ரூ டிரைவரை வச்சு நெம்பியிருக்காங்க. லிஃப்ட் கழட்டுற டிரைவர். அந்த யாரோ யாருன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கீறல் விழுந்ததை எடுத்துவிட்டுப் புது ஸ்க்ரூ போட்டாள். கண்ணாடியைத் துடைத்து அவன் கையில் கொடுத்து, "கீழ பேக்கரியில டீ நல்லாருக்கும்" என்றாள்.

கவனியுங்கள். இவர்களுடைய காதலே பவர் இல்லாத ஒரு கண்ணாடியில் ஆரம்பித்தது. என் கட்டுரையை அவன் அன்றைக்குப் படித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

4

[பேக்கரி. வெட்டப்பட்டது. அங்கே உருப்படியாக எதுவும் நடக்கவில்லை.]

5

முதலில் டீயைக் குறைத்தார்கள். பேக்கரிக்குப் போவதற்குப் பதிலாக பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். பெஞ்சுக்கு வாடகை இல்லை. ஆனால் பஸ் வந்துவிடும். இந்த பஸ்ஸை விடு, அடுத்ததில் போகலாம் என்று சொல்லச் சொல்ல அடுத்ததும் வந்துவிடும்.

பிறகு டாக்சி. வேலை முடியத் தாமதமாகும் நாட்களில் இரண்டு பேரும் ஒரே டாக்சியில் ஏறி, விடுதி வாசலில் அவளை இறக்கிவிட்டு அவன் போவான். பின்சீட்டில் அவள் தூங்கிவிடுவாளாம், அவன் தோள் வலிக்க வலிக்க அசையாமல் உட்கார்ந்திருப்பானாம். "தூங்குறதுக்கு டாக்சி எதுக்கு, பஸ்ஸிலயும் தூங்கலாம்" என்று இவளே அதை நிறுத்தினாள். அவனுக்கு ஒரு பஸ், இவளுக்கு வேறு பஸ். எதிரெதிர்த் திசை.

பிறகு போன். இருப்பதிலேயே மலிவான பிளானுக்கு மாறினார்கள். பேசினால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று போகும். ஆகவே ஒரு ஏற்பாடு: அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவான். இவள் பதிலுக்கு ஒரு மணி அடிப்பாள். ஒரு மணி என்றால் வந்து சேர்ந்தாயிற்று, சாப்பிட்டாயிற்று, நன்றாக இருக்கிறேன், எல்லாம்.

"அந்த ஒரு மணி அடிக்கிறப்போ எடுத்துடலாமான்னு இருக்கும் மாமா."

"எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்தா அவனுக்குக் காசு போயிடுமே."

(இந்த இடத்தில் அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததை எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.)

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வேலைக்குப் போனால் இரட்டைச் சம்பளம். பார்த்துக்கொண்டால் பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, எங்கேயாவது உட்காருவதற்கு என்று கையைக் கடிக்கும். அவன் முதலில் ஞாயிறு டூட்டி எழுதிக்கொடுத்தான். சும்மா இருப்பானேன் என்று இவளும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அதற்கும் டூட்டி வந்தது.

எனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டேன். இதில் எதைக் குறைக்கும்போதும் கஷ்டமாக இல்லையா?

"கஷ்டம்னு யாரு சொன்னா? சந்தோஷமா இருந்துச்சு மாமா. ஒவ்வொண்ணா நிறுத்துறப்போ அந்த வீடு ஒரு அடி கிட்ட வர்ற மாதிரி இருக்கும். டீயை நிறுத்தினா என்ன, அந்த வீட்டுல போய்க் குடிச்சுக்கலாம். பேசாட்டி என்ன, அந்த வீட்டுல போய்ப் பேசிக்கலாம். எல்லாத்தையும் அங்க வச்சிருந்தோம்."

ஒரு வீடு. அது எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. குடிக்காத டீயும் பேசாத பேச்சும் தூங்காத தூக்கமும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தன. நான் இந்தப் பத்தியில் ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். உவமை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

6

முன்பணம் சேர்ந்துவிட்டது. எவ்வளவு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீடு பார்க்கப் போனார்கள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்காரர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"லிஃப்ட் இல்லையா?" என்று அவன் கேட்டான்.

"ஒத்தை மாடிக்கு லிஃப்ட்டா தம்பி?" என்றார் வீட்டுக்காரர்.

அது வேடிக்கைக்குச் சொன்னது. பொடிசு சிரித்திருக்க வேண்டும். அவளுக்கு அந்த நேரத்தில் அது வேடிக்கை என்று உறைக்கவில்லையாம். முன்பெல்லாம் அவன் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும் என்றாள்.

அவள் குழாயைத் திறந்து பார்த்து மூடினாள். அவன் விளக்கைப் போட்டுப் பார்த்து உடனே அணைத்தான். அவள் இன்னொரு விளக்கைப் போட்டு உடனே அணைத்தாள். வெற்று அறையில் இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அவன்தான் பேசினான். "இன்னொரு ஆறு மாசம் பொறுத்தோம்னா ரெண்டு ரூம் உள்ளதாவே பார்க்கலாம். இல்ல?"

"ஆமா" என்றாள் அவள். "அதுவும் சரிதான்."

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். படியிறங்கி வந்து, இவள் இவளுடைய பஸ்ஸுக்கும் அவன் அவனுடைய பஸ்ஸுக்கும் போனார்கள். அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி அடித்தது.

அன்றைக்கு அவள் எனக்குப் போன் பண்ணினாள். நிமிடத்துக்கு இவ்வளவு போகிற போனில் கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தாள்.

"அவன் அப்படிச் சொன்னதும், வேணாம், எனக்கு இதுவே போதும்னு நான் சொல்லியிருக்கணும் மாமா. நான் ஆமான்னு சொன்னா, என்னடி ஆமான்னுட்டன்னு அவன் கேப்பான்னு நினைச்சேன். அவன் கேக்கல."

"அவனும் அப்படியே நினைச்சிருப்பானோ என்னவோ."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். இப்ப எனக்கு அவன் மனசு தெரியல மாமா. முன்னாடி தெரிஞ்சுச்சு."

7

அவனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கதாசிரியனுக்கு இப்படி வரக்கூடாது, மாமனுக்கு வரலாம்.

பணம் சேர்ப்பதில் ஒரு போதை உண்டு. இதை என் கட்டுரையில் எழுத விடமாட்டார்கள். தண்ணீராகச் செலவழிக்கிறவனுக்கு எப்படிக் கை நிற்காதோ, அப்படியே மிச்சம் பிடிக்கிறவனுக்கும் நிற்காது. அடுத்து எதை நிறுத்தலாம் என்று கண் தேடும். இந்த லிஃப்ட்காரன் பொடிசுக்காகச் சேர்க்க ஆரம்பித்து, போகப்போகச் சேர்ப்பதற்காகச் சேர்க்கிறவனாக ஆகிவிட்டானோ? எழுதி எழுதிப் பார்த்தேன். அவனைக் கஞ்சனாக எழுதினால் கதை சுலபமாக நடக்கிறது. பொடிசின் மேல் எல்லாருக்கும் இரக்கம் வரும், அவன் மேல் கோபம் வரும், இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

ஆனால் பேனா ஓர் இடத்தில் முரண்டு பிடிக்கிறது. நான் அவனை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பேக்கரியில்.

அந்தப் பகுதியைத்தான் வெட்டிவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். நாலாம் எண்ணுக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இதுவரை இந்தக் கதையில் நான் மிச்சம் பிடித்த எல்லாவற்றையும் கூட்டி அதை இப்போது செலவழிக்கப் போகிறேன். அடுத்து வருவது கதைக்குத் தேவையில்லாதது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

4

அன்றைக்கு மழை. நல்ல மழை, கொட்டு கொட்டென்று கொட்டியது. பொடிசு எனக்கு அவனை அறிமுகப்படுத்துவதற்காக வரச் சொல்லியிருந்தாள். நான் நனைந்த குடையைச் சுருட்டிக்கொண்டு பேக்கரிக்குள் நுழைந்தபோது அவர்கள் மூலை மேசையில் இருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. நான் உடனே போயிருக்கலாம். போகாமல், ரொட்டி அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எழுத்தாளனுக்கு இது ஒரு கெட்ட பழக்கம்.

மேசையில் இரண்டு டீ, ஒரு பன். டீயிலிருந்து வந்த ஆவியில் அவனுடைய பவர் இல்லாத கண்ணாடி மங்கிப்போயிற்று. அவன் அதைக் கழற்றவில்லை. அப்படியே அவள் பக்கம் முகத்தை நீட்டினான். அவள் பேச்சை நிறுத்தாமலே அதைக் கழற்றி, தன் நீலக் கோட்டின் நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, திரும்ப அவன் காதில் மாட்டிவிட்டாள். பன்னில் சிவப்பு சிவப்பாக ஏதோ இனிப்புத் துண்டுகள் இருந்தன. அவளுக்கு அவை பிடிக்காது, சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவன் தட்டில் வைத்தாள். அவன் ஒவ்வொன்றாகத் தின்றான். பிற்பாடு என்னிடம் சொன்னான்: "எனக்கும் அது பிடிக்காது சார். அவகிட்ட சொல்லிடாதீங்க." அவள் பக்கத்துக் கட்டிடத்து மேனேஜரைப் பற்றி ஏதோ சொன்னாள், அவன் அந்த மேனேஜர் லிஃப்டில் ஏறும்போது தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வதை நடித்துக் காட்டினான். அவள் சிரித்துச் சிரித்து மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பேக்கரிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து போகட்டும் என்று அவர்கள் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியை நிறுத்தினார். அவர்களுக்கு அது தெரியவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதைத் திரும்பப் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மழை நிற்காமலே இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நேராகவே சொல்கிறேன்: அந்த இரண்டு பேரும் அந்த மேசையில் திரும்ப உட்கார வேண்டும்.

8

கதைக்கு முடிவு வேண்டுமே. எழுதினேன்.

முதல் முடிவு: லிஃப்ட்காரன் ஓடி வருகிறான். கண்ணாடிக் கடைக்குள், வாடிக்கையாளர்கள் முன்னால், "ரெண்டு ரூம் வேணாம், ஒரு ரூமே போதும்" என்று கத்துகிறான். எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

பொடிசுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மாமா, இது சினிமா. நாங்க சினிமாவை நிறுத்தியாச்சு."

இரண்டாவது முடிவு: இருவரும் ஒரு நாள் பேக்கரியில் சந்தித்து, சேர்ந்த பணத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, சண்டையே இல்லாமல் பிரிந்துவிடுகிறார்கள். அவன் போன பிறகு அவள் தட்டில் சிவப்புத் துண்டுகள் அப்படியே கிடக்கின்றன.

இதை வாசித்து முடித்ததும் அழ வைக்கக் கூடாது என்ற நிபந்தனை எனக்கு ஞாபகம் வந்தது.

"பொடிசு?"

"இருக்கேன் மாமா." பிறகு கேட்டாள், "இதுல டீக்கு யாரு காசு கொடுத்தா?"

"அதை நான் எழுதல."

"அவன் கொடுத்தான்னு எழுதுங்க. அவன்தான் கொடுப்பான்." பிறகு, எனக்குத் தூக்கிவாரிப்போடுகிற மாதிரி ஒன்று சொன்னாள். "எனக்குச் சொந்தமா ஒண்ணும் தோண மாட்டேங்குது மாமா. முதல்ல இருந்ததா இப்ப இருக்கிறதான்னு என்னையே யாராவது கேட்டா நல்லாருக்கும். நீங்க எந்த முடிவு எழுதுறீங்களோ, நான் அதைச் செஞ்சிடறேன்."

*

(வழக்கமாக முடிவு சரியில்லை என்றால் வாசகர்கள் திட்டுவார்கள், நான் காதில் வாங்கமாட்டேன். இது அப்படியில்லை. நான் எழுதுகிற வரியில் ஒரு பெண் போய்க் குடியேறுவதாகச் சொல்கிறாள். இரண்டு முடிவையும் கிழித்துப் போட்டேன். "நீயே அவனுக்குப் போன் பண்ணிப் பேசேன், காசு நான் தர்றேன்" என்றேன். "என்ன பேசுறது மாமா? 'எப்படி இருக்க'ன்னு கேட்டா, என்ன திடீர்னு காசைச் செலவு பண்றன்னு பயந்துடுவான்" என்றாள்.)

கட்டுரை அச்சில் வந்துவிட்டது. எட்டாவதாக, தேவையில்லாத மின்விளக்குகளை அணைப்பது என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அம்மா பாராட்டினார்.

9

இது நடந்தது. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

எனக்குக் கொஞ்ச காலமாக எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. கண்ணாடி மாற்றுவதை நானும் செலவு செலவு என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வழியாகப் பொடிசின் கடைக்குப் போனேன். உட்கார வைத்து, மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டினாள். எனக்குப் பொருந்தாத ஏதோ ஒரு லென்ஸை முதலில் போட்டாள். சுவரும் பலகையும் அவள் முகமும் கரைந்துபோயின.

வெளியே லிஃப்ட் காலியாக மேலே போய்க் கீழே வருகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கையில் அடுத்த லென்ஸ் இருந்தது. அதைப் போடாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது.

"வாங்க" என்றாள் பொடிசு. கடைக்கு வருகிற எல்லாரையும் கூப்பிடுகிற அதே வாங்க.

மங்கலாக ஓர் ஆள் உள்ளே வந்தான். தோளிலிருந்து கனமான பையைத் தரையில் இறக்கினான். இரும்புச் சாமான்கள் ஒன்றோடொன்று உரசின.

"சார், நல்லாருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டான்.

"இருக்கேன் தம்பி. உங்க முகம்தான் தெரியல."

அவன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தான். "ஸ்க்ரூ லூசாயிடுச்சு."

அந்தப் பவர் இல்லாத கண்ணாடி. அதன் ஒரு காது தொங்கியிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. பழசாகிவிட்ட கண்ணாடி, ஸ்க்ரூ தானாகவே கழண்டிருக்கலாம். இலவசமாக முடுக்கித் தருகிறார்கள், வேலை நாளில் வந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்திருக்கலாம். சிக்கனக்காரன் அப்படித்தான் நினைப்பான்.

"தானா கழண்டுச்சா?" என்று பொடிசு கேட்டாள். குரல் கடைக் குரலாகத்தான் ஆரம்பித்தது. கடைசி எழுத்துக்குப் போவதற்குள் வேறு குரலாகிவிட்டது.

"தெரியல" என்றான் அவன். "நீதான் பார்த்துச் சொல்லணும்."

அவள் என் கண்ணிலிருந்து சட்டத்தைக் கழற்ற மறந்துபோனாள். இடுக்கியால் அந்த ஸ்க்ரூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மேசை இழுப்பறையைத் திறந்து பூதக்கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது. நானே என் சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்திருக்கலாம். இரண்டு எட்டு வைத்தால் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கலாம். ரொட்டி அலமாரிக்குப் பின்னால் நின்றவன்தானே நான்.

கழற்றவில்லை. நான் பார்த்தால் எழுதிவிடுவேன். எழுதினால் அவள் அதைச் செய்துவிடுவாள்.

சட்டத்தோடேயே எழுந்து, சுவரைத் தடவித் தடவி வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்துதான் அதைக் கழற்றினேன். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த எள்ளளவு ஸ்க்ரூவின் தலையில் குறுக்கே ஒரு கீறல் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதாக ஞாபகமில்லை. ஆனால் ஆசைப்படுகிறவனைக் கீறல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க விடக்கூடாது.

நீங்கள் உள்ளே போங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. பூதக்கண்ணாடி அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை, இழுப்பறையின் பின்பக்கம் தள்ளிப் போயிருக்கிறது. ஸ்க்ரூ அவள் இடது உள்ளங்கையில் இருக்கிறது. முதலில் நீங்கள் குனிந்து பாருங்கள். உங்கள் கண் நன்றாக இருக்கிறது.

கீறல் இல்லையென்றால், லிஃப்ட்காரனின் பை தரையில் உங்கள் காலடியில்தான் இருக்கிறது. பெரிய ஸ்க்ரூ டிரைவர் மேலாகவே கிடக்கிறது.